வீட்டு வண்டி ஏன் அலைகிறது?

கோடை பிறந்துவிட்டால் அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் பஸ்ஸைப் போன்ற பெரிய வண்டிகள் வரிசையாகப் போகத் தொடங்கும். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் இருக்கும். மோட்டார்ஹோம் என்று பெயர். அவற்றில் மிகப் பெரிய வகையை கிளாஸ் ஏ என்கிறார்கள். நடுத்தரமான ஒரு கிளாஸ் ஏ வண்டி 36 அடி நீளம், எட்டரை அடி அகலம், 12 அடி உயரம் இருக்கும். சாமானும் தண்ணீரும் ஏற்றிய பிறகு எடை 10 டன்னைத் தொடும். பெரும்பாலான மாநிலங்களில் இதை ஓட்டத் தொழில்முறை உரிமம் தேவையில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகு, அதுவரை காரைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத தம்பதியர் இதை வாங்கி நாடு சுற்றக் கிளம்புகிறார்கள். கிளம்பிய சில நாட்களிலேயே அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: நேரான சாலையிலும் வண்டி நேராகப் போவதில்லை. ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை கல்லாகிவிடுகிறது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் நெஞ்சு பதறுகிறது. இந்த அலைச்சலுக்கு மருந்தென்று சொல்லி விற்கப்படும் பாகங்களுக்கு அங்கே ஒரு தனிச் சந்தையே இருக்கிறது.

இதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். இன்டர்ஸ்டேட் சாலையில் ஒரு தடத்தின் அகலம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். வண்டியின் அகலம் சட்டம் அனுமதிக்கும் உச்சமான 102 அங்குலம், 2.59 மீட்டர். நட்டநடுவில் ஓட்டினாலும் இரு பக்கமும் மிஞ்சுவது அரை மீட்டர்தான். பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் சேர்த்தால் அதிலும் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடும். அதன் முகம் ஒரே ஒரு டிகிரி விலகி, ஓட்டுநர் ஒரு விநாடி கவனிக்கத் தவறினால் பக்கவாட்டில் நகரும் தூரம் 48 சென்டிமீட்டர். அரை மீட்டர் இடைவெளி அதோடு தீர்ந்தது. காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால் அதே தடத்தில் இரு பக்கமும் 90 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். ஆகவே காரில் யாருமே கவனிக்காத ஒரு சிறு விலகல் மோட்டார்ஹோமில் ஆபத்தாகிவிடுகிறது. கையை ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு நொடி தளர்த்த முடியாதபடி உரிமையாளர்கள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பயந்த சுபாவம் இல்லை. இடமே அவ்வளவுதான்.

குறை ஸ்டீயரிங்கில் தெரிவதால் கையும் ஸ்டீயரிங்குக்குத்தான் போகிறது. பலர் முதலில் வாங்குவது ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் என்ற பாகத்தை. முன்சக்கரங்களை இணைக்கும் தண்டோடு பொருத்தி, சக்கரங்கள் தாமாகத் திரும்பாமல் அடக்கிவைக்கும் சாதனம் அது. நோய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வலிக்கும் இடத்தில் தைலம் தடவும் காரியமாகவே இதை நான் பார்க்கிறேன். நோய் பெரும்பாலும் அதற்கு வெகு கீழே, தரையில் இருக்கிறது: ஒவ்வொரு சக்கரமும் சுமக்கும் எடையில், டயரில் அடைத்த காற்றில், சக்கரம் நிற்கும் கோணத்தில். அங்கிருந்து தொடங்கி மேலே வரவேண்டும். எதை முதலில் சரிசெய்கிறோம், எதைக் கடைசியில் தொடுகிறோம் என்ற வரிசைதான் இந்த விஷயத்தில் பாதி வைத்தியம். வரிசை மாறினால் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். உண்மையான கோளாறும் மறைந்து கிடக்கும்.

இந்த வண்டிகள் பிறக்கும் விதத்தைக் கவனித்தால் காரணம் விளங்கும். பெட்ரோலில் ஓடும் கிளாஸ் ஏ வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஃபோர்டின் எஃப்-53 என்ற சேசிஸின்மேல் கட்டப்படுபவை. ஃபோர்டு தருவது எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள், சக்கரங்கள், ஸ்டீயரிங் ஆகியவை பூட்டிய வெறும் சட்டகம். அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறு நிறுவனம். இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் பகுதி அதற்குப் பேர்போனது. சேசிஸை வாங்கி கரூரில் பஸ் பாடி கட்டுவதை அறிந்த நமக்கு இந்த முறை புதிதல்ல. சக்கரக் கோணங்கள் சேசிஸ் வெறுமையாக இருக்கும்போது வைக்கப்படுகின்றன. பிறகு அதன்மேல் சுவரும் கூரையும் ஏறுகின்றன. தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், பக்கவாட்டில் நீளும் அறைகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. கடைசியில் உரிமையாளர் தம் பாத்திரம் பண்டங்களையும் ஏற்றுகிறார். எடை கூடக்கூட ஸ்பிரிங் அமுங்கும். ஸ்பிரிங் அமுங்கினால் கோணங்களும் மாறும். ஆக, தொழிற்சாலையில் வைத்த அளவு வேறொரு வண்டிக்கு வைத்த அளவாகிப் போகிறது. சேசிஸ் செய்தவருக்கு மேலே வரப்போகும் வீடு தெரியாது. வீடு கட்டியவருக்கு அதில் குடியேறப்போகும் சாமான் தெரியாது. முழுதாக ஏற்றிய வண்டியை மறுபடி அளந்து பார்க்கும் கடமை இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

முதலில் எடை. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கவே வேண்டாம். பின்னால் பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். வண்டி மாட்டின் சொல் கேட்காது. மோட்டார்ஹோமில் நடப்பதும் அதுவே. 36 அடி வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 6 மீட்டர்தான் இருக்கும். பின் அச்சுக்கு அப்பால் 3 மீட்டருக்கு மேல் வால் நீட்டிக்கொண்டிருக்கும். 100 கேலன் தண்ணீர்த் தொட்டியை அந்த வாலின் கோடியில் வைத்திருப்பதாகக் கொள்வோம். 378 கிலோ தண்ணீர். நெம்புகோல் கணக்குப்படி அது முன் அச்சிலிருந்து 189 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சின்மேல் 378-க்குப் பதிலாக 567 கிலோவாக உட்காருகிறது. முன் அச்சில் மொத்தமே 3000 கிலோ அளவுதான் என்றால், திருப்பும் சக்கரங்கள் தங்கள் சுமையில் 6 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டன. தொட்டியோடு நாற்காலி, கருவிப்பெட்டி, வண்டிக்குப் பின்னே மாட்டிய மோட்டார் சைக்கிள் என்று சேரும்போது இந்த இழப்பு இன்னும் வளர்கிறது. முன்சக்கரம் தரையை அழுத்தமாகப் பற்றாவிட்டால் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். நேர்நிலைக்குத் தானாகத் திரும்பும் குணமும் குறையும். இதற்குப் பாகம் எதுவும் வாங்க வேண்டாம். கனமானவற்றை முன்பக்க அறைகளுக்கு மாற்றலாம். தண்ணீர் கிடைக்கும் ஊருக்குப் போகும்போது தொட்டியைக் கால்வாசி நிரப்பினால் போதும். ஆனால் எவ்வளவு மாற்றுவது என்று தெரிய எடை போட்டாக வேண்டும். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடைமேடைகள் உண்டு. அயோவா மாநிலத்தின் வால்காட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கேட் ஸ்கேல் நிறுவனத்தின் மேடைகளை நாடு முழுவதும் காணலாம். அவை ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே தரும். ஒவ்வொரு சக்கரமாக எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வீடு என்பதால் சமையலறைப் பக்கம் ஒன்றும் படுக்கைப் பக்கம் ஒன்றுமாக இட வல எடை ஒத்துப்போவதில்லை.

எடை கையில் வந்த பிறகுதான் காற்றைப் பற்றிப் பேச முடியும். டயரின் பக்கச்சுவரில் ஓர் அழுத்தம் அச்சிட்டிருக்கும். 110 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துப் பலர் அவ்வளவும் அடைத்துவிடுகிறார்கள். அந்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடைக்கானது. உண்மையில் அந்தச் சக்கரம் சுமப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால், டயர் நிறுவனம் வெளியிடும் எடை-அழுத்த அட்டவணை 85 அல்லது 90 பிஎஸ்ஐ போதும் என்று சொல்லக்கூடும். மிதமிஞ்சிக் காற்றடைத்த டயர் பூசணிக்காய்போல நடுவில் உப்பி நிற்கும். தரையைத் தொடும் பரப்பு சிறுத்துவிடும். சாலையின் ஒவ்வொரு வரப்பும், லாரிச் சக்கரங்கள் உழுத ஒவ்வொரு பள்ளமும் அதை இழுக்கும். அட்டவணைப்படி காற்றைக் குறைத்த அன்றே அலைச்சல் பாதியாகக் குறைந்ததாக உணர்பவர்கள் இருப்பதில் வியப்பில்லை. ஒரே அச்சில் இருக்கும் டயர்களுக்கு ஒரே அழுத்தம் வைக்க வேண்டும். எடை கூடிய பக்கத்துக்கு ஏற்ப அது இருக்க வேண்டும். அட்டவணை சொல்வதற்குமேல் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. ஓடுவதற்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்ததுதான் கணக்கு.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நான் மதிக்கிறேன். ஓட்டம் சுகமாக இருக்க வேண்டுமென்று காற்றைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்தாகாதா? ஆகும், சரித்திரமே சாட்சி. எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. அதில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அந்த டயர்களோடு தொடர்புபடுத்திய மரணங்கள் 271. டயரின் குறை எவ்வளவு, அழுத்தம் குறைவாக இருந்ததன் பங்கு எவ்வளவு என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டன. மோட்டார்ஹோம்களுக்கே உரிய கதையும் ஒன்று உண்டு: அவற்றில் பொருத்தப்பட்டு வெடித்த ஜி159 என்ற டயர்களை குட்இயர் நிறுவனம் 2022-இல்தான் திரும்பப் பெற்றது. காற்றுக் குறைவும் அதிகப் பாரமுமே காரணம் என்பது அந்த நிறுவனத்தின் வாதமாக இருந்தது. இவற்றிலிருந்து நான் கொள்ளும் பாடம் காற்றை எப்போதும் உச்சத்தில் வை என்பதல்ல. எடை தெரியாமல் காற்றைத் தொடாதே என்பதே. எடை போடாமல் குறைப்பவர் டயரைச் சூடேற்றி வெடிக்கவிடுகிறார். எடை போடாமல் ஏற்றுபவர் தம் பிடிமானத்தைத் தாமே பறித்துக்கொள்கிறார். அதோடு டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். மோட்டார்ஹோம் ஆண்டில் பல மாதம் நின்றே கிடப்பதால், பட்டை தேயாமலே ரப்பர் கெட்டுப்போகிறது.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரியாக வைப்பது. இதில் ஒரு கோணத்தை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நேராக ஓடுவதன் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. சைக்கிளின் முன்கவடு செங்குத்தாக இல்லாமல் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். அந்தச் சாய்வுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதனால் டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. விலகினால் தானாகவே வரிசைக்குத் திரும்புகிறது. கையை விட்டு சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்கு உதவும் காரணங்களில் இதுவும் ஒன்று. மோட்டார் வண்டியில் இதற்குக் காஸ்டர் என்று பெயர்; சில டிகிரிகள்தான் இருக்கும். பின்பக்கம் பாரத்தால் தாழ்ந்து முன்பக்கம் எழும்பினாலோ, முன் ஸ்பிரிங் தளர்ந்து இறங்கினாலோ இந்தக் கோணமும் மாறும். லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புப் போன்ற தகட்டைச் செருகி இதைத் திருத்துவார்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஸ்டீயரிங் கனக்கும், சக்கரம் நடுங்கவும் கூடும். முன்சக்கரங்கள் உள்நோக்கிச் சற்றே குவிந்திருக்க வேண்டும் என்ற டோ-இன் அளவும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. வெளிநோக்கி விரிந்துவிட்டால் வண்டி இரு பக்கமும் மாறிமாறி நாடும். லாரிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறையில், தண்ணீரும் சாமானும் ஏற்றிய நிலையில், ஓட்டுபவர்கள் உட்கார்ந்திருக்க இந்த அளவுகளை எடுப்பதே முறை. அப்போதே முன்சக்கரங்களை இணைக்கும் தண்டின் முனைகளான டை ராட் எண்டுகளில் ஆட்டம் இருக்கிறதா, ஸ்டீயரிங் பெட்டியில் வெற்று அசைவு எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். முன்சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னுக்கு கிரீஸ் போகாமல் வறண்டு இறுகியிருந்தால், திருப்பிய சக்கரம் திருப்பிய இடத்திலேயே நிற்கும். அந்த வண்டிக்கு எத்தனை காஸ்டர் வைத்தாலும் வீண்.

இவ்வளவும் சரியான பிறகும் காற்று இருக்கிறது. இந்த முறை டயருக்குள் அடைத்த காற்றல்ல, வெளியே வீசுவது. 36 அடி வண்டியின் பக்கச் சுவர் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பாய்மரம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று அதன்மேல் சுமார் 350 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே இன்டர்ஸ்டேட் 80 போகும் மேட்டுநிலத்தில் மணிக்கு 60 மைல் குறுக்குக்காற்று அபூர்வமல்ல. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதைக் கழித்தாலும் ஒரு டன்னுக்குக் குறையாத தள்ளல் அது. விசை மட்டும் பெரிதாக இருந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் பிடித்துச் சமாளிக்கலாம். ஓடும் பெட்டிவண்டியில் அந்த விசை நடுப்புள்ளிக்கு முன்னால் தாக்குகிறது. எடையோ பின் அச்சை ஒட்டிக் குவிந்திருக்கிறது. ஆகவே காற்று வண்டியைத் தள்ளுவதோடு நிற்காமல் முகத்தையும் திருப்புகிறது. காற்று சட்டென்று நின்றால், திருத்திவைத்த ஸ்டீயரிங்கே வண்டியை எதிர்ப்பக்கம் இழுக்கும். லாரி கடக்கும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. லாரியின் மூக்கு முன்தள்ளி வரும் காற்றலை முதலில் மோட்டார்ஹோமின் வாலைத்தான் அடைகிறது. இடப்பக்கம் கடக்கும் லாரி வாலை வலப்பக்கம் தள்ள, மூக்கு லாரியை நோக்கித் திரும்புகிறது. லாரி தங்களை உறிஞ்சி இழுத்ததாகப் பலர் சொல்லும் கணம் அதுதான். அலை முன்னேறி வரும்போது மூக்கு எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நீண்ட வால், குறுகிய அச்சிடைவெளி உள்ள வண்டி இதில் அதிகம் படும்.

சேசிஸில் பாகம் சேர்ப்பது நியாயமாகும் இடம் இதுதான். எஃப்-53 போன்றவற்றில் அச்சுகளைப் பிடித்திருப்பவை லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். அவை மேலும் கீழும் வளைவதற்கென்று செய்யப்பட்டவை. பக்கவாட்டிலும் கொஞ்சம் நெளியும். காற்று உடலைத் தள்ளும்போது பின் அச்சு உடலுக்குக் கீழே பக்கவாட்டில் நழுவி மீள்கிறது. வால் தனியே ஆடுவது போன்ற அந்த உணர்வு இதனால் வருவது. அச்சின் ஒரு முனையையும் சட்டகத்தின் எதிர்ப்பக்கத்தையும் குறுக்கே இணைக்கும் ஒரு தண்டு இதைத் தடுக்கும். பான்ஹார்டு தண்டு என்று பெயர்; பான்ஹார்டு என்பது ஒரு பழைய பிரெஞ்சுக் கார் நிறுவனம். உடல் ஒருபக்கம் சாய்வதைத் தடுப்பது ஸ்டெபிலைசர் பார் என்ற வேறொரு பாகம். எஃப்-53 உரிமையாளர்களிடையே இதைப் பற்றி ஒரு கைவைத்தியம் புழங்குகிறது. பாரின் முனையில் இரண்டு துளைகள் இருக்கும். இணைப்பை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றிவிடுகிறார்கள். நெம்புகோலின் நீளம் குறைய, பார் இறுகுகிறது. நீளம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் இறுக்கம் கால்பங்குக்கு அருகே கூடும், ஏனென்றால் அது நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. செலவு ஒரு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும். பின்பக்கத்தை மட்டும் அளவுக்கு மீறி இறுக்குவது கூடாது. வளைவில் பின் டயர்கள் முதலில் பிடி இழக்கும் நிலைக்கு அது கொண்டுபோய்விடும். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும்; சாய்வைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சாய்வுக்கு ஷாக்கை மாற்றிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

டீசலில் ஓடும் பெரிய வண்டிகளில், எஞ்சின் பின்னால் இருப்பவற்றில், பெரும்பாலும் காற்றுப்பை சஸ்பென்ஷன். காற்றுப்பைக்குப் பக்கவாட்டு வலு அறவே இல்லை. அச்சைப் பிடிப்பதெல்லாம் தண்டுகளும் அவற்றின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களும். புஷ் தேய்ந்தால் அச்சு இஷ்டத்துக்கு நகரும். பையின் உயரம் நிர்ணயித்த அளவில் இல்லாவிட்டால் காஸ்டர் உட்பட எல்லாக் கோணமும் மாறும். ஆகவே அங்கே அலைன்மென்டுக்கு முந்திய வேலை உயரம் அளப்பது.

இனி ஸ்டீயரிங் ஸ்டெபிலைசருக்கு வருகிறேன். அதைப் பொருத்திய அன்றே வண்டி குணமானது என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்பிரிங் வைத்த வகை சக்கரத்தை நடுநிலைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே காஸ்டர் குறைந்த வண்டியில் அது இழந்த குணத்தைச் செயற்கையாகத் திருப்பித் தருகிறது. எண்ணெய் நிரம்பிய வகை சக்கரத்தின் வேகமான நடுக்கத்தைத் தணிக்கிறது. சாலையின் சாய்வால் ஒருபக்கம் இழுக்கும் வண்டிக்கு, நடுப்புள்ளியைப் பொத்தானால் மாற்றிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. முன் டயர் வெடித்தால் சக்கரம் அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்புவதை எதிர்க்க ஸ்பிரிங் உதவும் என்பதும் இயற்பியலுக்கு ஒத்த வாதமே. இவ்வளவையும் ஒப்புக்கொண்டபிறகும் என் கருத்து மாறவில்லை. டை ராட் எண்டு தேய்ந்து ஆடுகிறது என்றால், அதை ஓட்டுநருக்குச் சொல்வது கையில் தெரியும் அந்த ஆட்டம்தான். ஸ்டெபிலைசர் அந்தச் செய்தியை வழியிலேயே நிறுத்திவிடுகிறது. டயரின் ஓரம் ஒரு பக்கமாகத் தேய்ந்து நூல் தெரியும்வரை குறை மறைந்திருக்கும். எல்லாம் சரிசெய்த வண்டியில் மேலதிகக் காவலாக அது இருக்கட்டும். சரிசெய்யாத வண்டியில் அதைப் போடுவது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவைப்பதுதான்.

குறை வண்டியில் இல்லை, ஓட்டுபவரிடம் இருக்கிறது என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கிளாஸ் ஏ வண்டியில் ஓட்டுநர் முன்சக்கரங்களுக்கு நேர்மேலே அல்லது அதற்கும் முன்னால் உட்கார்கிறார். கார் பழக்கத்தில் சாலையின் பத்தடி தூரத்தைப் பார்த்து ஓட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் கை பதறித் திருத்தும். அந்தத் திருத்தமே அடுத்த அலைச்சலைப் பிறப்பிக்கும். தொலைவில் பார்க்கப் பழகினால் கை தணியும். வேகத்தைக் குறைப்பதைப்போல மலிவான மருந்தும் வேறில்லை. இந்த வண்டிகளின் டயர்கள் பலவும் மணிக்கு 75 மைலுக்குமேல் ஓட அனுமதிக்கப்படாதவை என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. ஆனால் பயிற்சியை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. முன்னே சொன்ன அரை மீட்டரும் ஒரு விநாடியும் தேர்ந்த ஓட்டுநருக்கும் பொதுவானவை. அவர் சமாளிப்பார், சமாளிக்கச் சமாளிக்கக் களைப்பார். எட்டாவது மணி நேரத்தில் அவர் கையும் தவறும்.

பெரிய பெட்டி என்றால் இப்படித்தான் ஓடும், அதன் விதி அது என்பது இன்னொரு மறுப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜிஎம்சி மோட்டார்ஹோம் இதற்கு நல்ல பதில். அது லாரிச் சட்டகத்தின்மேல் வீட்டை ஏற்றி வைத்ததாக இல்லாமல், மோட்டார்ஹோமாகவே வரைந்து செய்யப்பட்டது. ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் முன்சக்கர இயக்கத்தை எடுத்துக்கொண்டதால் தரைக்கடியில் நீளத் தண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. தரை தாழ்ந்தது, கூடவே எடையின் நடுப்புள்ளியும் தாழ்ந்தது. பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, காற்றுப்பை ஸ்பிரிங்கோடு. அதன் ஓட்டத்தை விரும்பி இன்றும் அதைப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி 23, 26 அடி நீளங்களில்தான் வந்தது. இன்றைய 36 அடியோடு நேராக ஒப்பிட முடியாது என்பது சரியே. ஆனால் சேசிஸும் வீடும் ஒரே கையால் வரையப்பட்டால் எவ்வளவு மாறும் என்று அது காட்டிவிட்டது. உரிமையாளர் பின்னர் சேர்க்கும் எந்தத் தண்டும் வாலின் நீளத்தைக் குறைக்காது, அச்சிடைவெளியைக் கூட்டாது. வாங்கும் நாளில் சோபாவின் துணியையும் டிவியின் அளவையும் பார்ப்பவர்கள், அச்சுகளுக்கிடையே எத்தனை அங்குலம் என்றும் பின் அச்சுக்கு அப்பால் எத்தனை அடி தொங்குகிறது என்றும் ஒரு டேப்பை வைத்து அளந்துவிட்டால், பிறகு வாங்கப்போகும் பாகங்களில் பாதி தேவைப்படாமல் போகும்.

எனக்கு ஆறாத விஷயம் சட்டத்தில் இருக்கும் ஓர் இடைவெளி. சறுக்கும் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பிரேக் கொடுத்து நிலைநிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு, 10,000 பவுண்டு வரையுள்ள வண்டிகளுக்கு 2012 மாடல் ஆண்டுக்குள் கட்டாயமாகிவிட்டது. 26,000 பவுண்டுக்கு மேற்பட்ட லாரி டிராக்டர்களுக்கும் பெரிய பஸ்களுக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும் என்ற விதி 2015-இல் வந்தது. டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் 10,000 பவுண்டு வரைதான் கட்டாயம். 22,000 பவுண்டு எடையுள்ள ஒரு வீட்டை, வாழ்நாளில் கார் மட்டுமே ஓட்டிய அறுபத்தைந்து வயதுக்காரர் ஓட்டிப்போகிறார். காரைக் காக்கும் விதியும் பஸ்ஸைக் காக்கும் விதியும் அவரை எட்டவில்லை. இந்த வண்டிகளை வாங்குபவர் பெரும் தொகை கொடுத்தே வாங்குகிறார். அந்த விலையில், முழுச்சுமையோடு எடை போட்ட சீட்டும், அந்தச் சுமையில் அளந்த அலைன்மென்ட் தாளும், அந்த எடைக்குரிய காற்றழுத்தமும் சாவியோடு சேர்த்துத் தரப்பட வேண்டும் என்று கேட்பது மிகையாகாது. அதுவரை அந்தத் தாள்களைத் தாமே தயாரித்துக்கொள்ள வேண்டியவர் ஓட்டுபவர்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துக் குறித்துவைத்தால் எது பலித்தது என்று தெரியும். நான்கு பாகங்களை ஒரே நாளில் பூட்டியவருக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. எல்லாம் சரியான வண்டிக்கும் வயோமிங்கில் ஒரு பலகை காத்திருக்கிறது: காற்று எல்லை மீறும் நாளில், எடை குறைந்த, உயரம் மிகுந்த வண்டிகளுக்கு இன்டர்ஸ்டேட் 80 மூடப்பட்டது என்று மாநிலச் சாலைத்துறை விளக்கெழுத்தில் அறிவிக்கும். அன்று லாரமியிலேயே தங்கிவிட வேண்டும்.